ஏ.பி. மதிப்பெண் அமெரிக்கக் கல்லூரியில் எதற்குக் கணக்காகும்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மே மாதம் ஏ.பி. எனப்படும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகளை எழுதுகிறார்கள்; இவை கல்லூரித் தரப் பாடங்களுக்கான தேர்வுகள். ஜூலையில் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் வருகிறது. தேர்வை நடத்துவது காலேஜ் போர்டு. அந்த மதிப்பெண்ணுக்கு என்ன தருவது என்று தீர்மானிப்பது கல்லூரி. "கால்குலஸில் 5 வாங்கிவிட்டாள், ஒரு செமஸ்டர் மிச்சம்" என்று ஊருக்குப் போன் போடும் முன் கீழே உள்ளதைப் பார்த்துவிடுங்கள்.

முதல் படி: எந்த மதிப்பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும் ஏ.பி. அட்டவணையைச் சேரவிருக்கும் கல்லூரியில் தேடி எடுங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில், இரண்டு கால்குலஸ் தேர்வுகளில் பெரியதான கால்குலஸ் பி.சி.யில் (BC) 5 வாங்கினால்தான் முதல் கணிதப் பாடத்துக்கு கிரெடிட், அதாவது பாடம் முடித்ததாகக் கணக்கு. 4 வாங்கினால் ஒன்றுமில்லை. வேதியியலில் 5 வாங்கினாலும் அங்கே கிரெடிட் கிடையாது.

இரண்டாம் படி: அந்த அட்டவணை எதைத் தருகிறது என்று பிரித்துப் படியுங்கள். பெற்றோர் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். தரப்படுவது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: பட்டத்துக்கான மொத்த யூனிட் கணக்கில் சேர்வது, ஒரு கட்டாயப் பாடத்திலிருந்து விலக்கு, அல்லது நேரடியாக அடுத்த நிலை வகுப்பில் உட்காரும் அனுமதி மட்டும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் யூனிட் உண்டு. கால்குலஸ் பி.சி.க்கு 8 குவார்ட்டர் யூனிட் (காலாண்டுப் பருவ முறையில் பாட அளவைக் கணக்கிடும் அலகு). பட்டத்துக்குத் தேவை 180. ஆனால் 3 வாங்கியவருக்கு யூனிட் ஏறிவிட்டது என்பதால் பொறியியல் துறை கேட்கும் கணிதப் பாடம் முடிந்துவிட்டதாக ஆகாது. அதை அந்த வளாகமும் துறையும் தனியே முடிவு செய்கின்றன. எண்ணிக்கை ஏறும், பாடம் அப்படியே நிற்கும். டார்ட்மவுத் கல்லூரி இன்னும் கறார்: ஏ.பி.க்குப் பட்டக் கிரெடிட்டே இல்லை, விலக்கோ மேல்நிலை வகுப்புக்கான அனுமதியோ மட்டுமே.

மூன்றாம் படி: இரட்டைக் கணக்கை நீக்குங்கள். அதே கலிபோர்னியாவில் சிறிய கால்குலஸ் தேர்வான AB-க்கு 4 யூனிட், அதன் பாடத்தையும் உள்ளடக்கிய பி.சி.க்கு 8. இரண்டும் எழுதியவருக்கு 12 அல்ல, 8தான். ஆங்கிலத்தின் இரு தேர்வுகளுக்கும் சேர்த்து உச்சவரம்பு 8. ஏ.பி.யில் கிரெடிட் வாங்கிய பாடத்தையே கல்லூரியிலும் படித்தால் ஒருமுறைதான் கணக்கு.

நான்காம் படி: மதிப்பெண்ணை அனுப்புங்கள். பள்ளி மதிப்பெண் பட்டியலில் ஏ.பி. வகுப்பு இருப்பது போதாது. காலேஜ் போர்டிலிருந்தே போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம், அதற்கான கெடு ஜூன் மாதத்திலேயே முடிந்துவிடும். பிறகு கட்டணம். சில கல்லூரிகளில் மதிப்பெண் வந்தாலும் கிரெடிட் தானாக ஏறாது. மாணவர் கல்லூரியின் இணையதளத்தில் உள்நுழைந்து கோர வேண்டும்.

ஐந்தாம் படி: விலக்கு கிடைத்தாலும் பாடத்தைத் தாண்டுவதா என்று முடிவெடுங்கள். மருத்துவம் படிக்கும் எண்ணம் இருந்தால் அவசரம் கூடாது. வேதியியல், உயிரியல் தகுதிப் பாடங்களுக்கு ஏ.பி. கிரெடிட்டைப் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை. மற்றவர்களுக்கு ஒரு சோதனை: தாண்டப்போகும் பாடத்தின் பழைய இறுதித் தேர்வுத் தாள் இணையத்தில் கிடைத்தால், நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் தடுமாறினால், வகுப்புகளுக்குப் பதிவு செய்யும் நாளுக்கு முன்பே அந்தத் தாளோடு கல்வி ஆலோசகரைப் பாருங்கள்.