ஜாடியில போடற செடி ஏன் அழுகுது?

தர்மபுரி பக்கம் புதுசா லேபுக்கு வர்றவங்க ஒவ்வொரு வருஷமும், பாடத்துக்காக செடியை கெடாம போட்டு வெச்ச ஜாடியை தூக்கிட்டு வந்து "சார், இது ஏன் கலங்கிடுச்சு"ன்னு நிக்கறாங்க. கிளவுஸ் போடுங்க, ஜன்னலை தொறங்கன்னெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, அது தெரிஞ்சிருக்கும்.

4 பர்சன்ட் கணக்கு

இதுலதான் எனக்கு இன்னும் எரிச்சல். பார்மலின்ங்கறது பார்மால்டிஹைடு கரைஞ்ச தண்ணி, செடி அழுகாம காக்கறது அதான். ரெக்கார்டுல "4% பார்மலின்"னு இருக்கும், உடனே 4 மில்லி பார்மலின், 96 மில்லி தண்ணி, வேலை முடிஞ்சது. அட, கடையில வாங்கற பாட்டில்லயே பார்மால்டிஹைடு 37லேர்ந்து 40 பர்சன்ட்தான் இருக்கு, லேபிள்லயே போட்டிருக்கான், அப்போ நீங்க கலக்குனதுல ஒன்றரை பர்சன்ட் தேறுனா பெருசு, அதுலயும் செடிக்குள்ள இருக்கற தண்ணி வெளிய வந்து இன்னும் நீர்த்துடும். ஒரு பங்கு பார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணி, அப்பத்தான் பார்மால்டிஹைடு 4 பர்சன்ட் கிட்ட வரும், அதான் அளவு.

ஒரு ஸ்கூல்ல நிலக்கடலை வேரை மண்ணு போக கழுவி, வேர் முடிச்சு ஒண்ணு உதிராம, இதே 4 மில்லி கணக்குல ஜாடி ஜாடியா போட்டு வெச்சிருந்தாங்க. பிராக்டிகலுக்கு முந்தின நாள் மூடியை தொறந்தா குடலைப் பொரட்டுற நாத்தம், போர்செப்ஸால தொட்டேன், முடிச்செல்லாம் கழண்டு அடியில போய் உக்காந்துச்சு. மானாவாரி கடலை பிடுங்கி மாசக்கணக்காச்சு, திரும்ப எங்க போய் வேர் தேடறது?

எஃப்.ஏ.ஏ-வுல (பார்மலின், அசிட்டிக் ஆசிட், ஆல்கஹால் கலந்த திரவம்) பார்மலின் 5 மில்லிதானே ஊத்தறோம்னு கேப்பாங்க. அதுல 70 பர்சன்ட் ஆல்கஹால் 90 மில்லி, அசிட்டிக் ஆசிட் 5 மில்லி கூட இருக்கு சாமி, ஆல்கஹாலே பாதி வேலையை பாத்துக்கும். வெறும் தண்ணியில அதே அளவு ஊத்துனா எப்படி?

அமுக்கி அடைக்கறது

வேணாம். செடியை விட திரவம் பல மடங்கு இருக்கணும்.

பச்சை போயிடுச்சேன்னு பொலம்பறது

ஆல்கஹால்ல பச்சை நிக்காது. நிக்கணும்னா முதல்ல மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல்ல ஊற வைங்க, பச்சையத்துல மெக்னீசியம் இருக்கற எடத்துல காப்பர் போய் உக்காந்துக்கும். ஆனா எல்லாத்துக்கும் இது தேவையான்னா இல்ல. கிருஷ்ணகிரி மாந்தோப்புல புல்லுருவிய கிளையோட சேத்து அறுத்துட்டு வந்தீங்கன்னா, பசங்க பாக்க வேண்டியது அது மாங்கிளைக்குள்ள எறங்குன எடத்தை, இலை நெறத்தை இல்ல.

லேபிள்

பென்சில்ல எழுதி உள்ள போடுங்க. ஜெல் பேனா கரையும்.

பார்மலின் பாட்டில் அடியில வெள்ளையா படிஞ்சா

ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிர்ல இப்படி ஆகும். பார்மால்டிஹைடு பாலிமரா மாறி கீழ எறங்கிடுது, மேல தெளிவா நிக்கறதுல வீரியம் கொறைஞ்சிருக்கும். அதை ஒண்ணுக்கு ஒன்பதுன்னு அளந்து ஊத்துனாலும் பத்தாது, புது பாட்டில் உடைங்க.