இரண்டு பாதரச மொடல்களை ஒப்பிடுவது எப்படி?

காற்றில் இருக்கும் பாதரசத்தைக் கணக்கிடும் இரண்டு கணினி மொடல்களின் கோப்புகள் கையில் கிடைத்ததும் வரைபடத்தைப் போட்டு நிறம் பார்க்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அலகைப் பாருங்கள். ஒன்று கனமீற்றருக்கு 1.4 நானோகிராம் என்கிறது, மற்றது 1.26 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வீதம் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். முதலாவது 0 பாகை செல்சியஸுக்கு மாற்றிய கணக்காக இருக்கலாம், இரண்டாவது நம்முடைய ஊரின் 30 பாகை வெயிலில் விரிந்து கிடக்கும் காற்றுக்கான கணக்காக இருக்கலாம். 1.4ஐ 273ஆல் பெருக்கி 303ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 1.26 வரும். வித்தியாசமே இல்லை.

அப்புறம் கட்டத்தின் அளவு, அதாவது மொடல் ஒரே எண்ணைக் கொடுக்கும் ஒவ்வொரு சதுரப் பரப்பின் அளவு. ஜியோஸ்-கெம் என்ற வளிமண்டல இரசாயன மொடலை 2 பாகைக்கு 2.5 பாகை என்ற கட்டத்தில் ஓட்டினால், யாழ்ப்பாணம் விழும் கட்டத்துக்குள் பாக்குநீரிணை, வேதாரணியம், இராமேஸ்வரம், தஞ்சாவூர் எல்லாம் சேர்ந்தே இருக்கும். அந்த எண்ணை யாழ்ப்பாணத்தின் எண் என்று சொல்ல முடியாது. மற்ற மொடலின் கட்டம் சிறியதென்றால் அதையும் இதே பரப்புக்குச் சராசரியாக்கிவிட்டுத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இனித்தான் முக்கியமான இடம். தனிம நிலைப் பாதரச வாயு, அதாவது வேறு எதனோடும் சேராத பாதரசம், மாதக்கணக்கில் காற்றிலேயே சுற்றுவது, அதனால் வட அரைக்கோளத்தில் 1.3 முதல் 1.6 நானோகிராம் வரை, தெற்கில் 1க்குப் பக்கத்தில் என்று அநேகமான மொடல்கள் காட்டிவிடும். இந்த ஒற்றுமையை நம்பி இரண்டும் சரி என்று முடிவெடுப்பது பெரிய பிழை, ஏனென்றால் ஒரு மொடல் வெளியேற்றத்தை, அதாவது காற்றில் வந்து சேரும் பாதரசத்தை, கூட்டிப் போட்டு வேகமாக ஒட்சியேற்றியிருக்கும் (காற்றிலிருந்து இலகுவாக இறங்கும் வடிவத்துக்கு மாற்றியிருக்கும்), மற்றது குறைத்துப் போட்டு மெதுவாக ஒட்சியேற்றியிருக்கும், கடைசியில் இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். ஆகவே இரண்டுக்கும் ஒரே வெளியேற்றப் பட்டியலையும் ஒரே வானிலைத் தரவையும் கொடுங்கள். பிறகு ஒரே மொடலில் இரசாயனத்தை மட்டும் மாற்றி ஓட்டுங்கள்: ஒருமுறை பாதரசத்தை ஒட்சியேற்றுவது புரோமீன், ஒருமுறை ஓசோனும் ஐதரொட்சிலும். முதல் சில வருடங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள், பாதரசம் காற்றிலும் நிலத்திலும் பரவி நிலைக்கு வரக் காலம் எடுக்கும்.

வித்தியாசம் தெரிவது ஒட்சியேறிய பாதரசத்தில்தான். அது நீரில் இலகுவாகக் கரையும், மழையோடு இறங்கும், கடலில் விழுவதில் ஒரு பகுதி மெதைல் பாதரசம் என்ற நச்சு வடிவமாகிச் சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறும், யாழ்ப்பாணத்துக் குருநகரில் நாம் வாங்கும் சுறா வரைக்கும் இந்தக் கணக்கு வரும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். மழைப் படிவை, அதாவது மழையோடு இறங்கும் பாதரசத்தை, ஒப்பிடும்போது மழையின் அளவையும் மழைநீரில் இருக்கும் பாதரசச் செறிவையும் தனித்தனியாகப் பாருங்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையை ஒரு மொடல் பாதியாகக் காட்டினால் அதன் படிவும் குறையும், அது இரசாயனத்தின் பிழை இல்லை. அளவீட்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது: பொட்டாசியம் குளோரைட்டு பூசிய குழாயில் பிடிக்கும் முறை ஈரக்காற்றிலும் ஓசோன் உள்ள காற்றிலும் ஒட்சியேறிய பாதரசத்தைக் குறைத்துக் காட்டும். மொடல் கூட்டிச் சொல்வதுபோலத் தெரிந்தால் முதலில் கருவியைச் சந்தேகியுங்கள்.

ஆண்டுச் சராசரியோடு நிற்காமல் மாதவாரியாகவும் பிரித்துப் பாருங்கள். சோழகக் காலத்தில், அதாவது தென்மேல் பருவக்காற்று வீசும்போது, நமக்கு வரும் காற்றில் பெரும்பங்கு மத்திய கோட்டைத் தாண்டித் தெற்கிலிருந்து வருவது, வாடையில், அதாவது வடகீழ்ப் பருவக்காற்றில், வருவது இந்தியப் பக்கமும் வங்கக் கடலும் இருந்து. வாடை மாதங்களை விடச் சோழக மாதங்களில் தனிமப் பாதரசம் குறைய வேண்டும். வருடம் முழுக்க ஒரே கோடாக இழுக்கும் மொடல் இருந்தால் அதன் காற்றுத் தரவை முதலில் திறந்து பாருங்கள்.