'மேட்டி குரோவ்ஸ்' பாடலை முதல்முறை கேட்கப் போகிறீர்களா?

ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், போன் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கில ஃபோக்-ராக் இசைக்குழு 1969இல் பதிவுசெய்த வடிவம்தான் வேண்டும். எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும், பாதியில் நிறுத்தாதீர்கள்.

கதை முன்பே தெரிந்தால் நல்லது. பழைய ஆங்கிலக் கதைப்பாடல் இது. பிரபுவின் மனைவி மேட்டி என்ற இளைஞனை வீட்டுக்கு அழைக்கிறாள். வேலைக்காரன் ஓடிப்போய்ப் பிரபுவிடம் சொல்லிவிடுகிறான். கையில் ஆயுதமில்லாத மேட்டிக்கு, தன் இரண்டு வாள்களில் நல்லதைப் பிரபு கொடுக்கிறான். அந்த வரியை விட்டுவிடாதீர்கள், எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும். பாடகி சாண்டி டெனி அழுது பாடவே மாட்டார்.

அப்புறம் சொற்கள் தீர்ந்ததும் ஸ்வார்ப்ரிக்கின் வயலினும் தாம்சனின் எலெக்ட்ரிக் கிட்டாரும் கிளம்பும். முதலில் வயலினையே பிடித்துக்கொண்டு போங்கள். டிரம்ஸை அடுத்தமுறை கவனிக்கலாம்.