ஆற்றங்கரைப் பெண்களிடம் பாதரசமும் செலினியமும் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேசிலின் பாரா மாநிலத்தில், தபஜோஸ் ஆற்றை ஒட்டிய சிற்றூர்களில் மீன்தான் அன்றாட உணவு. தங்கம் எடுப்பவர்கள் பயன்படுத்தும் பாதரசமும், காடழிப்பால் அரித்துவரும் மண்ணிலிருக்கும் பாதரசமும் நீரில் மெத்தில் பாதரசமாக, அதாவது உடலில் எளிதில் சேரும் வடிவமாக, மாறி, மீன் வழியாகப் பெண்களின் உடலையும், அவர்கள் வயிற்றிலுள்ள குழந்தையையும் அடைகின்றன. இந்தப் பாதரசத்தையும், அதனுடன் பிணையும் சத்தான செலினியத்தையும் அளக்கும் களப்பணிக்குப் புதிதாக வருபவர்கள், நான் முதல் ஆண்டில் செய்த அதே பிழைகளைச் செய்வதைக் கண்டதால் இதை எழுதுகிறேன். கையுறை, பெயர்ச்சீட்டு போன்றவை எல்லாரும் அறிந்தவை; அவற்றை விட்டுவிடுகிறேன்.

முடியின் வேர்ப்பக்கத்தைக் குறிக்காமல் வெட்டுதல்

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது, வளரும் வேளையில் இரத்தத்தில் இருந்த பாதரசம் முடிக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே 9 செ.மீ. நீளமுள்ள கற்றையைச் சென்டிமீட்டர் வாரியாக நறுக்கி அளந்தால், ஒரு கர்ப்ப காலத்தின் கணக்கு முழுவதும் மாதவாரியாகக் கிடைக்கும். எது வேர்ப்பக்கம் என்று தெரிந்தால் மட்டுமே இது நடக்கும்.

முதல் ஆண்டில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் தம் நீண்ட கூந்தலிலிருந்து ஒரு கற்றையை வெட்டிக்கொள்ள என்னை அனுமதித்தார். நான் அதை நூல் கட்டாமல் ஒரு காகித உறைக்குள் போட்டுவிட்டேன். படகுப் பயணம் முடிவதற்குள் இழைகள் கலைந்து, வேரும் நுனியும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஆய்வகத்தால் ஒரே ஒரு சராசரியைத்தான் தர முடிந்தது. சராசரி போதுமே என்று இன்றும் சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கிராமுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 15-க்கு ஏறிய பெண்ணுக்கும், 15-லிருந்து 5-க்கு இறங்கிய பெண்ணுக்கும் சராசரி 10-தான். ஒருவருடைய குழந்தை கடைசி மாதங்களில் அதிகப் பாதரசத்தைப் பெற்றது, மற்றவருடையது தொடக்க மாதங்களில் பெற்றது என்ற வேறுபாடு அதில் மறைந்துவிடுகிறது. கற்றையைத் தலைகீழாக ஒட்டிவிட்டால் இன்னும் மோசம்: ஏற்றம் இறக்கமாகவே வாசிக்கப்படும். அந்தப் பெண்ணிடம் மறுபடி போய், அந்த மாதங்களைத் திரும்பத் தாருங்கள் என்று கேட்க முடியாது.

ஆகவே தலையின் பின்புறத்தில் தோலை ஒட்டி, தீக்குச்சிப் பருமனுள்ள கற்றையைப் பிரித்து, வெட்டுவதற்கு முன்பே வேர்ப்பக்கத்தில் நூலால் இறுகக் கட்டுங்கள். அட்டையில் ஒட்டியதும் வேரை நோக்கி அம்புக்குறி இடுங்கள். முடியை நேராக்கியோ சுருளாக்கியோ ரசாயனச் சிகிச்சை செய்திருந்தால் பாதரச அளவு குறையக்கூடும் என்பதால், அதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

செலினியத்தையும் முடியிலிருந்தே அளத்தல்

வேண்டாம். பொடுகுக்கான சில ஷாம்புகளில் செலினியம் சல்பைடு இருக்கிறது; அது முடியில் படிந்தால், உடலிலுள்ள அளவு எது என்று தெரியாது.

பாதரசத்துக்குப் பிளாஸ்மா எடுத்தல்

பிளாஸ்மா என்பது இரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கிய திரவம்; மெத்தில் பாதரசத்தின் பெரும்பகுதியோ சிவப்பணுக்களில் இருக்கிறது. முழு இரத்தம் எடுங்கள்.

பிரேசில் கொட்டையை மாற்று மருந்தாகக் கருதுதல்

இந்தக் கொட்டையில் கிடைக்கும் செலினியம் பாதரசத்துடன் வலுவாகப் பிணைகிறது என்பது உண்மை. இந்த ஆற்றங்கரையில் செலினியம் மிகுந்தவர்களிடம் வயது சார்ந்த கண்புரை குறைவாகக் காணப்பட்டது என்பதும் பதிவாகியுள்ளது. ஆனால் அதை வைத்து, கொட்டை தின்றால் பாதரசம் வெளியேறிவிடும் என்று ஒரு தாயிடம் சொல்வது பொறுப்பற்ற செயல். பெரியவருக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் செலினியம் போதும், கர்ப்பிணிக்கு 60. ஒரே ஒரு கொட்டையிலேயே அதற்கு மேல் இருக்கலாம், மண்ணைப் பொறுத்து மிகக் குறைவாகவும் இருக்கலாம். எத்தனை கொட்டை, எந்தப் பருவத்தில் என்று கேட்காமல் எடுத்த செலினிய அளவுக்கு விளக்கம் தேடிப் பயனில்லை.

மீனே வேண்டாம் என்று சொல்லுதல்

சொல்லாதீர்கள். மற்ற மீன்களை வேட்டையாடுவதால் பாதரசம் மிகுதியாகச் சேரும் துக்குனாரே மீனைக் குறைத்து, பாசியும் மக்கிய கழிவும் தின்னும் ஜராக்கி மீனைக் கூட்டச் சொல்லுங்கள்.

சமைக்கும் முறையைக் கேட்டு நேரத்தைச் செலவிடுதல்

பாதரசம் மீனின் தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால், பொரித்தாலும் வேகவைத்தாலும் போகாது. அந்த நேரத்தில் எந்த மீன், வாரத்தில் எத்தனை வேளை என்று கேளுங்கள்.