குண்டு விழுந்த எல்லையைத் தேடிப் போவது எப்படி?

கடலூரில் கோட்டை எங்கே என்று கேட்டு வருகிறவர்களை நான் கோட்டைக்கு அனுப்புவதில்லை. செயிண்ட் டேவிட் கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளியாயிற்று. கெடிலக் கரையில் மிஞ்சிய சுவரைப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். தேட வேண்டியது அதன் எல்லையை.

31 வருஷம் சர்வேயராகச் சங்கிலி பிடித்தவன் நான். இப்படி ஓர் அளவையை எங்கும் கண்டதில்லை. 1690இல் செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாராமிடம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியார் கோட்டையை வாங்கினார்கள். சுற்றிலும் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை நிலமும் சேர்த்து என்று பேச்சு. சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் விடுவாரா? பெரிய பித்தளைப் பீரங்கி வந்து இறங்கியது. வாயைத் தூக்கி வைத்துச் சுட்டால் குண்டு கூடுதல் தூரம் போகும். அளவுகோலே வாங்குகிறவன் கையில்! அப்படி உள்ளே அடங்கிய ஊர்கள்தாம் குண்டு கிராமங்கள்.

சைக்கிளில் கிளம்புங்கள். கோட்டை இருந்த தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே, பெண்ணையாற்றுப் பக்கம், குண்டு உப்பலவாடி. ஊர்ப் பெயரிலேயே குண்டு இருக்கிறது. டீக்கடையில் காரணம் கேளுங்கள். “ரோடு பூரா குண்டும் குழியும், அதான் சார்” என்றார் ஒரு பெரியவர் என்னிடம். சிரித்துவிட்டு, இன்னும் வயதானவரைத் தேடிப் போக வேண்டும். நகருக்குள் திரும்பினால் குண்டு சாலை.

வரைபடத்தில் கவராயம் வைத்து வட்டம் மட்டும் போடாதீர்கள். நான் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். பாதி வட்டம் கடலில் விழுந்தது, மீதியும் பொருந்தவில்லை. ஒவ்வொரு திசையிலும் ஒரே தூரத்தில் குண்டு விழ அது என்ன நூல் பிடித்தா போகும்?

இன்னொன்று, பலகையில் இருக்கிற ‘நகர்’களை நம்ப வேண்டாம். அவை மனை போட்டவர்கள் வைத்த பெயர்கள். வீட்டுக்காரரிடம் பட்டாவைக் கேட்டு, அதில் வருவாய் கிராமம் என்ற இடத்தில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். பழைய ஊர் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். உப்பலவாடிப் பக்கம் தண்ணீர் நின்றால் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டிவரும்.