கார்டு பாக்கியை முதலில் தீருங்கள்

பல கடன்களுள் எதை முதலில் அடைப்பது என்று குழம்புகிறவர்கள், தொகையைப் பார்க்காமல் வட்டி விகிதத்தைப் பார்ப்பது நல்லது. கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி இருந்து, மாத வட்டி 3.5 விழுக்காடாக இருந்தால், வட்டி 1,400 ரூபாய், அதன் மீதான 18 விழுக்காடு ஜிஎஸ்டி 252 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று 2,000 ரூபாயைக் கட்டிவிட்டு நிம்மதி அடைகிறோமே, அதில் அசலுக்குப் போவது 348 ரூபாய்தான்.

பீரோவில் சும்மா கிடக்கும் நகையை வங்கியில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டிக்கு அடகு வைத்து, இந்தப் பாக்கியை ஒரேயடியாகத் தீர்த்தால், மாத வட்டி ஏறத்தாழ 333 ரூபாயாகக் குறைந்துவிடும். அதன் பிறகும் கார்டைத் தேய்க்காமல் இருக்க முடியாதவர்கள் நகையைத் தொடாமலிருப்பதே மேல்.

செலவைப் பொறுத்தவரை, மின்சாரத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடுகிறது. ஆகவே ஐம்பதாம் நாளில் மீட்டரைப் பார்த்து, ஏசியைக் கட்டுப்படுத்தலாம்.

டியூஷன், தையல் போன்றவற்றில் வரும் கூடுதல் பணத்தை, வீட்டுச் செலவோடு கலக்கவிடாமல், அன்றே நகைக்கடனில் செலுத்திவிடுங்கள். இடையில் பகுதித் தொகை கட்ட முடியுமா என்பதை அடகு வைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.