அமெரிக்காவில் குறுகிய கால வாடகை: வருமான வரிக்கு முதலில் நாட்களை எண்ணுங்கள்

ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வழியாக வீட்டை வாடகைக்கு விடுபவர்கள், வரி என்றதும் வந்த பணத்தைத்தான் முதலில் கூட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் மூன்று எண்ணிக்கைகள் கையில் இருக்க வேண்டும்: வாடகைக்குப் போன நாட்கள், நீங்களே தங்கிய நாட்கள், ஒரு முன்பதிவுக்குச் சராசரி நாட்கள்.

நீங்கள் வசிக்கும் வீடு ஆண்டில் 14 நாட்கள் வரை மட்டுமே வாடகைக்குப் போயிருந்தால், அந்த வாடகையை வருமானமாகக் காட்ட வேண்டாம். வாடகைச் செலவையும் கழிக்க முடியாது. 15ஆம் நாள் வந்துவிட்டால், முதல் நாள் வாடகையிலிருந்தே கணக்குக் காட்ட வேண்டும்.

சொந்த உபயோகத்துக்கான எல்லை 14 நாட்கள் அல்லது வாடகை நாட்களில் 10 சதவீதம், எது அதிகமோ அது. 200 நாட்கள் விட்டிருந்தால் 20 நாட்கள். தாண்டினால், வாடகை வருமானத்துக்கு மேல் செலவைக் கழிக்க முடியாது. மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். அண்ணன் குடும்பம் வந்து தங்கியதும், நண்பருக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்ததும் சொந்த உபயோகம்தான். நாள் முழுக்கப் பழுதுபார்த்த நாள் இதில் சேராது. ரசீதைத் தேதியோடு வைத்திருங்கள்.

பெரிய பணம் புரள்வது மூன்றாவது எண்ணிக்கையில். 180 நாட்களுக்கு 40 முன்பதிவுகள் என்றால் சராசரி 4.5 நாள். இது 7 அல்லது அதற்குக் கீழே இருந்தால், நட்டத்தை எந்த வருமானத்தில் கழிக்கலாம் என்று சொல்லும் விதிகள் உங்களைச் சாதாரண வீட்டுக்காரராகப் பார்ப்பதில்லை. வாடகை நட்டத்தில் 25,000 டாலர் வரை மற்ற வருமானத்தில் கழிக்க அவர்களுக்கு உள்ள சலுகை உங்களுக்குக் கிடையாது. ஆனால் நீங்களே முனைந்து நடத்தினால், நட்டத்தைச் சம்பளத்திலேயே கழிக்கலாம். ஆண்டுக்கு 500 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்க வேண்டும். அல்லது 100 மணி நேரத்தைத் தாண்டியிருக்க வேண்டும், வேறு எவரும் உங்களைவிட அதிகம் உழைத்திருக்கக் கூடாது. கணவன் மனைவி இருவர் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பலர் தோற்பது இங்கேதான்: துப்புரவுப் பணியாளரின் மணி நேரம் அவர்களுடையதை மிஞ்சிவிடும். வேலை செய்த அன்றே எழுதிவையுங்கள். தணிக்கைக் கடிதம் வந்தபின் நினைவிலிருந்து எழுதும் பட்டியல் எளிதில் நிற்காது.

கணக்குக் காட்ட, வழக்கமாக வாடகை வருமானத்துக்கான ஷெட்யூல் இ படிவம் போதும். விருந்தினர் தங்கியிருக்கும்போதே தினசரி சுத்தம், உணவு என்று கொடுத்தால் சுயதொழிலுக்கான ஷெட்யூல் சி படிவம், கூடவே 15.3 சதவீதச் சுயதொழில் வரி. ஒருவர் போனபின் படுக்கை விரிப்பை மாற்றுவது இதில் வராது.

தேய்மானத்தை, அதாவது கட்டடத்தின் விலையை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கழிப்பதை, விட்டுவிடாதீர்கள். 4,00,000 டாலர் வீட்டில் நிலம் 80,000 என்றால், 3,20,000 மட்டுமே தேயும். ஓரிரு நாள் தங்குபவர்களுக்கே பெரும்பாலும் விடப்படும் வீட்டுக்கு சாதாரண வாடகை வீடுகளுக்கான 27.5 ஆண்டுக் கணக்கு பொதுவாகப் பொருந்தாது, 39 ஆண்டுகளில் கழிக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 8,205 டாலர். கழிக்காமல் விட்டாலும், லாபத்துக்கு விற்கும்போது கழித்ததாகவே கொண்டு 25 சதவீதம் வரை வரி கேட்பார்கள்.

வாடகைத் தளம் அனுப்பும் 1099-கே படிவத்தில் இருப்பது தளத்தின் கட்டணம் பிடிக்கும் முன் உள்ள முழுத்தொகை. அதையே வருமானமாகக் காட்டி, கட்டணத்தைச் செலவில் எழுதுங்கள். வங்கிக்கு வந்ததை மட்டும் காட்டினால், எண்கள் ஒத்துப்போகாமல் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) கடிதம் வரும். படிவமே வராவிட்டாலும் வருமானம் வருமானம்தான்.

இந்த வாடகையில் பொதுவாக யாரும் வரி பிடித்தம் செய்வதில்லை. ஆண்டு முடிவில் 1,000 டாலரோ அதற்கு மேலோ பாக்கி வரும் என்று தெரிந்தால், ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி 15ஆம் தேதிகளில் தவணையாகக் கட்டுங்கள். சம்பளக்காரர்கள் வேலை தருபவரிடம் கொடுத்திருக்கும் டபிள்யூ-4 படிவத்தை மாற்றி, சம்பளத்திலேயே கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம்.